இலவசத்துக்கு ஆகும் செலவு: மதுரை, தேனிப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, திருச்சுழி சாலை

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். இடையிடையே கரிமூட்டத்தின் புகை எழுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்துக்குக் கஞ்சி ஊற்றுவது இந்தக் கரி. மூட்டம் போடுகிறவர்களின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும் என்றார் வண்டி ஓட்டிய நண்பர். புகையைக் காரணம் சொல்லி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்றும் அவரே சொன்னார்.

நண்பரும் நானும் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள். ஓய்வு பெற்றபின் அவர் அரிமா சங்கத்தில் சேர்ந்துவிட்டார். நான் ஊர் சுற்றுகிறேன். கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம், வா என்று அழைத்தவர் ஒரு நிபந்தனையும் போட்டார்: "வேடிக்கை பார்க்க வராதே. பதிவு மேசையில் உட்கார்ந்து பெயர் எழுது." பேரேட்டைப் பார்த்தே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முகாம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. சில நாட்களாக ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார்கள். இடம், விளம்பரம், பந்தல், ஆள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. மருத்துவர், கருவி, மருந்து, கண்ணாடி எல்லாம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பொறுப்பு. எட்டு மணிக்கு முன்பே பஸ்ஸில் வந்து இறங்கிய சிஸ்டர்கள், ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சுகளை ஒதுக்கி, நாலு திசையும் பார்க்கும் ஆங்கில ‘ஈ’ எழுத்து அட்டையை மாட்டிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அந்த எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழிக்கப்படாமல் கிடந்தது.

பதிவுக்குப் பிறகு வரிசை அறை அறையாக நகர்ந்தது. பார்வைச் சோதனை, மருத்துவரின் டார்ச், கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை. இவற்றில் என் கவனத்தை இழுத்தது கண்ணீர்ப் பைச் சோதனை. இமையோரத்தில் இருக்கும் துளையில் முனை மழுங்கிய ஊசியை வைத்து உப்பு நீரைச் செலுத்திவிட்டு, "தொண்டையில் உப்புக் கரிக்கிறதா?" என்று கேட்கிறார்கள். கரித்தால் வழி திறந்திருக்கிறது. கரிக்காமல் நீர் வெளியே வழிந்தால் அடைப்பு. பையில் சீழ் தங்கியிருக்கும்போது கண்ணைத் திறந்து ஆபரேஷன் செய்தால் கிருமி உள்ளே போய்விடும். கரிக்கிறது என்று சொன்ன ஒரு தாத்தாவின் முகச்சுளிப்பைப் பார்த்து வரிசையே சிரித்தது.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தையல்காரர் ஒருவர் வந்தார். காஜா எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடமாம், வெறும் நேர்த்தையல்தான் செய்கிறாராம். வெள்ளெழுத்து. அரை மணி நேரத்தில் கண்ணாடி கைக்கு வந்தது. போட்டுக்கொண்டவர் முதலில் தன் சட்டைப் பொத்தானின் தையலைத்தான் பார்த்தார். யாரோ தைத்த மோசமான தையல் போலும், உதட்டைப் பிதுக்கினார். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2018இல் வெளியானது. கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். எங்கள் துறை சிபாரிசு செய்த எந்தக் கடனும் இவ்வளவு விளைச்சலைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பதினொரு மணி சுமாருக்கு ஓர் அப்பத்தா வந்தார், பேத்தியின் தோளைப் பிடித்தபடி. வயதைக் கேட்டேன். "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அந்த வருஷம் எனக்குக் கல்யாணம்" என்றார். 1964. கல்யாணத்தின்போது பதினேழு இருந்திருக்கும் என்று ஊகித்துக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, பாப்பா வெளுத்திருந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் சிஸ்டர் நீட்டிய விரல்களை அவரால் எண்ண முடியவில்லை. கை அசைவது மட்டும் தெரிந்தது.

"இன்றைக்குச் சாயங்காலமே எங்கள் பஸ்ஸில் வாருங்கள் பாட்டி. நாளைக்கு ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம். ஒரு பைசா செலவில்லை" என்றார் ஆலோசனை சொல்லும் சிஸ்டர்.

"ஏழு உருப்படி ஆடு கிடக்கிறது. மருமகள் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். இவளுக்குப் பள்ளிக்கூடம். ஆட்டை யார் பார்ப்பது?"

கண் தெரியாமல் எப்படி ஆட்டைப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டுவிட்டேன். "சத்தத்தில் தெரியாதா தம்பி?" என்றார், என் அறியாமையை மன்னிக்கும் தொனியில். "அதுவுமில்லாமல் இந்த வயதில் எனக்கு எதற்குக் கண்? பேப்பரா படிக்கப் போகிறேன்?"

சிஸ்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மருத்துவரும் சொன்னார். அப்பத்தா அசையவில்லை. கடைசியில் காரியத்தை முடித்தவர், போன முகாமில் ஒரு கண்ணைச் செய்துகொண்டு இப்போது மறு கண்ணைக் காட்ட வந்திருந்த பக்கத்துத் தெரு அம்மாள். "மதினி, கத்தி வைத்ததே தெரியவில்லை. சோறு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள், சோறு போட்டுக் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு அடுத்த மாதம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டை நான் பத்திக்கொள்கிறேன், நீ போ." அவ்வளவுதான், அப்பத்தா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆபரேஷனுக்குக் காசு வாங்காத முகாம்கள் இந்நாட்டில் வெகு காலமாக நடக்கின்றன. காசு வாங்காவிட்டால் கூட்டம் அலைமோதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் தொடக்கத்தில் அரவிந்தின் முகாம்களில் ஆபரேஷன் தேவை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் மிகச் சிலரே மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏன் என்று வீடு தேடிப்போய்க் கேட்டபோது கிடைத்த பதில்கள் இன்றைக்கு அப்பத்தா சொன்னவைதான்: பஸ் காசு, அங்கே சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி, வீட்டில் கிடக்கும் கால்நடை. மருத்துவமனையின் கணக்கில் சைபர், வீட்டுக் கணக்கில் ஒரு வாரக் கூலி. அதன்பிறகுதான் பஸ்ஸும் சாப்பாடும் சிகிச்சையோடு சேர்ந்தன. ஆட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பக்கத்துத் தெரு மதினிதான்.

மாலை நாலரைக்குப் பஸ் கிளம்பியது. பழக்க தோஷம், என் பதிவேட்டையும் பஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். ஆபரேஷன் என்று எழுதியவர்களில் ஏழெட்டுப் பேர் ஏறவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனவர்கள். பெயர்களைக் குறித்து நண்பரிடம் கொடுத்தேன்.

திங்கள், மதுரை

அண்ணாநகர். காலை ஏழு மணிக்கே ஜவுளிக்கடைத் தள்ளுபடியைப் போன்ற கூட்டம். கட்டணப் பிரிவு ஒரு கட்டடம், இலவசப் பிரிவு இன்னொன்று. எந்த வாசலில் நுழைவது என்பதை வருகிறவரே முடிவு செய்துகொள்கிறார். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, குடும்ப அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. தணிக்கைக்காரனுக்கு இது ஜீரணமாகாத விஷயம். வசதி உள்ளவன் ஏமாற்றிவிட மாட்டானா? சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். அவர்களைப் பிடிக்க ஒரு குமாஸ்தாவை உட்காரவைத்தால், அவர் திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் தாலுகா அலுவலகத்தில் சான்றிதழுக்கு அலைந்து அலுத்துப்போன அசல் ஏழைகளாக இருப்பார்கள். எங்கள் துறையில் பயிர்க்கடனுக்கு நாங்கள் கேட்ட காகிதங்களை நினைத்துக்கொண்டேன்.

கட்டணப் பிரிவில் அறை, கட்டில், லென்ஸ் வகை எல்லாவற்றுக்கும் தெரிவு உண்டு. இலவசப் பிரிவில் பாய். மருத்துவர்கள் இரண்டுக்கும் மாறி மாறி வருகிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்தும் நிறுவனம் நன்கொடையை நம்பாமல் ஓடுகிறது என்றால், கட்டணம் கொடுக்கும் மறுபாதி மகிழ்ச்சியோடு கொடுக்கிறது என்று பொருள்.

இதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். ராணுவத்தில் மருத்துவராக இருந்தபோது வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பிரசவ மருத்துவராகும் ஆசை அதோடு போயிற்று. அந்த விரல்களுக்கேற்ற கருவிகளோடு பழகிக் கண் மருத்துவரானார். தம் வாழ்நாளில் அவர் கையால் நடந்த ஆபரேஷன் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பார்கள். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். வங்கிகள் கடன் தரவில்லை. வீட்டு அடமானமும் குடும்பத்து நகைகளும்தான் முதல். ஓய்வு பெற்றவர், கை விரல் முடங்கியவர், வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் காசு வாங்கமாட்டேன் என்கிறவர். அந்த மனு என் மேசைக்கு வந்திருந்தால் நானும் சிவப்பு மையில்தான் எழுதியிருப்பேன்.

மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, எங்கே போனாலும் ஒரே தரம், ஒரே முறை என்பதை மருத்துவமனைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார் என்று அவரைப்பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு அதற்கு அமெரிக்கா வரை போயிருக்க வேண்டுமா, விடிகாலையில் எந்த இட்லிக்கடை வாசலிலும் நின்றிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

ஆபரேஷன் அறைக்குள் எனக்கு அனுமதியில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நுண்ணோக்கி காண்பதைக் காட்டும் திரையைச் சிறிது நேரம் பார்க்க விட்டார்கள். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் வேலை நடக்கும்போதே அடுத்ததில் ஆள் படுத்து, கண்ணைக் கழுவி, துணி போர்த்தித் தயாராக இருக்கிறார். முதல் கண்ணை முடித்த மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போகிறார்.

திரையில் கண் ஒரு தட்டு அளவுக்குத் தெரிகிறது. வெள்ளை விழியின் ஓரத்தில் சரிவாக ஒரு சுரங்கம்போல் வெட்டுகிறார்கள். பழுத்த புரை முழுசாகச் சுழன்று எழுந்து, பழுப்பேறிய சிறு வில்லையாக அந்த வழியே வழுக்கி வெளியே வருகிறது. அதே வழியில் லென்ஸ் உள்ளே போகிறது. வெட்டு சரிவாக இருப்பதால் கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிக்கொள்கிறது. தையல் கிடையாது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. மேலைநாட்டு முறையில் புரையை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும். முற்றிப்போன புரைக்கு இந்தக் கைமுறையே வாகானது. செலவும் குறைவு.

இங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் செய்கிறார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மருத்துவரின் நேரம்தான் இந்தத் தொழிலில் விலை மிகுந்த சரக்கு. அவர் மட்டுமே செய்யக்கூடியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சிஸ்டர்கள் செய்துவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து உருவாக்கிய படை அது. பணியாளர்களில் பெரும்பகுதி இவர்களே. மருத்துவர்களைப் பேட்டி காண்கிற பத்திரிகைகள் இவர்களிடம் மைக்கை நீட்டுவதில்லை.

வேகம் கூடினால் தரம் கெடும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக: ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு சொட்டு ஆன்டிபயாடிக் செலுத்தும் வழக்கம் வந்தபின், அரவிந்தின் பல ஊர் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. கண்ணுக்குள் கிருமி பிடிப்பது பத்தாயிரத்துக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. இவ்வளவு கண்கள் ஒரே நிறுவனத்தின்கீழ் வராவிட்டால் இப்படி ஓர் ஆய்வே சாத்தியமில்லை.

மாலையில் பெண்கள் வார்டுக்குப் போனேன். ஒரே ஊர்க்காரர்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுக்கவைக்கிறார்கள். அப்பத்தா ஒரு கண்ணில் கட்டுடன், இரண்டு பாய் தள்ளிப் படுத்திருந்தவரிடம் ஏதோ ஒரு பழைய வரப்புத் தகராறைப் பேசிக்கொண்டிருந்தார். உலகத்தில் பார்வை இழந்தவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். ஆண்களைவிட அதிக வருடம் வாழ்வது ஒரு காரணம். ‘இந்த வயதில் எனக்கு எதற்கு’ என்பது மற்றொன்று. அந்த வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை மேசையில் நான் எந்த ஆணிடமிருந்தும் கேட்கவில்லை.

செவ்வாய்

காலையில் கட்டுப் பிரித்தார்கள். அழுகை, கும்பிடு, கண்ணீர் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். சிலர் கும்பிட்டார்கள்தான். அப்பத்தா சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அடுத்த கண்ணை எப்போது செய்வாய்?" என்று கேட்டார். ஒரு மாதம் கழித்து உங்கள் ஊர்ப் பக்கத்துக்கே வந்து பார்ப்போம், அதன்பிறகு சொல்கிறோம் என்றார் சிஸ்டர். சினை ஆடு ஒன்று இருக்கிறது, அது குட்டி போட்டபின் தேதி வைத்தால் தோது என்று அப்பத்தா சொன்னதை சிஸ்டர் சீட்டில் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன்.

கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, எந்த வேளைக்கு எத்தனை சொட்டு என்ற விளக்கம், தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, கண்ணைக் கசக்காதே. பிற்பகல் பஸ் போயிற்று. எனக்கு மதுரையில் வேறு வேலை இல்லை, விடுதிக்குப் போய்த் தூங்கினேன்.

புதன், வீரபாஞ்சான்

சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கிறது ஆரோலேப். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தயாரிக்கும் அரவிந்தின் தொழிற்சாலை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிய உடையில் பெண்கள் நுண்ணோக்கியில் குனிந்து, ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கீறல் இருந்தால் ஒதுக்கிவிடுகிறார்கள். வில்லையின் இரண்டு பக்கமும் மயிரிழை போன்ற வளைந்த கால்கள் உண்டு. கண்ணுக்குள் அது நழுவாமல் பிடித்துக்கொள்வதற்கு.

இந்த லென்ஸின் கதை லண்டனில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்தபோது, கண் அதை வெறுத்துப் புண்ணாக்காமல் சும்மா விட்டுவைத்ததை ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949இல் ஒரு நோயாளிக்கு வைத்தார். உடன் இருந்த பெரிய மருத்துவர்கள் வெகுகாலம் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 1980களில்தான் அது உலக வழக்கமாயிற்று.

அப்போதுதான் ஒரு சங்கடம் முளைத்தது. இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலருக்கும் மேல். பணம் உள்ளவருக்குக் கண்ணுக்குள் லென்ஸ், முகாமுக்கு வந்தவருக்குப் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி. என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கண்ணாடி நினைவிருக்கும். போட்டவரின் கண் முட்டைக் கண்ணாகத் தெரியும், படியின் விளிம்பு வளைந்து தோன்றும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. கிராமத்தில் அது எத்தனை மாதம் உடையாமல் இருக்கும்? ஒரே மருத்துவமனையில் இரண்டு விதப் பார்வை. நன்கொடை லென்ஸ்களை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு வைப்பது?

1992இல் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரும் சேவா அறக்கட்டளையும் துணைநிற்க, மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு வந்து, பிறகு இன்னும் இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இலவச வார்டின் சங்கடத்தைத் தீர்க்கப் போட்ட ஆலை, ஆப்பிரிக்காவின் கண் மருத்துவமனைகள் வாங்கும் விலையையும் இறக்கிவிட்டது. உயர்ந்த தரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதற்கு இந்த வாரம் நான் பார்த்தவற்றில் இதையே முதலாவதாக வைப்பேன். பஸ்ஸும் சோறும் நல்ல மனசு இருந்தால் வந்துவிடும். மைக்ரான் கணக்கில் தரம் பார்க்கும் தொழிற்சாலைக்கு நல்ல மனசு மட்டும் போதாது.

வியாழன், வீரபாண்டி, சின்னமனூர்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் வீரபாண்டி. முல்லைப் பெரியாற்றின் கரையில் கௌமாரியம்மன் கோயில். கண் பார்வை இழந்த வீரபாண்டிய மன்னன் இங்கே வேண்டிக்கொள்ள, அம்மன் ஒரு கண்ணையும், கண்ணீஸ்வரமுடையார் மறு கண்ணையும் கொடுத்தார்களாம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே நாளில் தேதி வைப்பதில்லை என்ற விதி அப்போதே இருந்திருக்கிறது. பூக்கடையில் கண்மலர் விற்கிறார்கள். வாங்கிச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன்.

செப்பேட்டுக்குப் பெயர் பெற்ற சின்னமனூர் இப்போது வாழையும் வெற்றிலையும். கடைவீதியில் வாடகைக்கு எடுத்த சிறு இடத்தில் அரவிந்தின் கண் பரிசோதனை மையம். மருத்துவர் இங்கே இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பெண்கள் சோதித்து, விளக்குக் கருவியில் கண்ணைப் படமெடுத்து அனுப்ப, தேனி மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுகிறார். ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு மையம் என்பது திட்டம். 2004 முதல் ஆரம்பித்து இன்று நூற்றுக்கும் மேல். கிராமத்தில் இணையம் என்பதே ஒழுங்காக இல்லாத அந்தக் காலத்தில், பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் துணையோடு நீண்ட தூர வை-ஃபை வைத்து இந்தப் பள்ளத்தாக்கை இணைத்தார்கள்.

முகாம் இருக்க இது எதற்கு? 1990களில் மதுரை வட்டாரத்தில் செய்த ஆய்வு ஒன்று, கண்ணில் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று சொன்னது. மைக் கட்டிய ஆட்டோ, நோட்டீஸ், பஸ், சோறு எல்லாம் போட்டும் ஏழு. என்னைப் போன்றவன் என்றால் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பான். இவர்கள் அதை அச்சில் வெளியிட்டு, அதை வைத்தே அடுத்த ஏற்பாட்டையும் செய்தார்கள்.

நான் இருந்த நேரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத் தொழிலாளி வந்தார். பந்தல் கம்பி கண்ணில் உரசிவிட்டது, நேற்று மாலை. சிஸ்டர் ஒரு சாயச் சொட்டை விட்டு நீல வெளிச்சத்தில் பார்க்க, கருவிழியில் கீறல் பச்சையாக ஒளிர்ந்தது. என்னையும் எட்டிப்பார்க்கச் சொன்னார், நகக்கீறல் அளவுதான். திரையில் மருத்துவர் பார்த்தார், மருந்து எழுதினார், மறுநாளே வரச் சொன்னார். கால் மணி நேர வேலை. இந்தக் கீறல் பூஞ்சைப் புண்ணாக மாறினால், கருவிழியில் பூ விழுந்து நிரந்தரமாகப் பார்வை போகும். அதைப் புரைபோல எடுத்துவிட முடியாது. நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பு போட்ட எவருக்கும் புண் வரவில்லை. களிம்பு போட்டவர்கள் ஊர்க்காரத் தொண்டர்கள். பதினெட்டு மணி நேரம் என்பது சின்னமனூருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு நிறைய. மதுரைக்குப் போக நாளைக்குக் கூலி வாங்கியபின் கிளம்பலாம் என்று நினைப்பவருக்குக் கிடையாது. அதுவரை கண்ணில் தாய்ப்பால் விடு, இலைச்சாறு பிழி என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு.

அடுத்து வந்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர், கண் அழுத்த நோய். கண் நரம்பை ஓசையில்லாமல் அரிக்கும் நோய் இது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கத் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், ஆயுள் முழுக்க. இரண்டு மாதமாக மருந்தை நிறுத்தியிருக்கிறார். "விட்டாலும் ஒரே மாதிரிதானே அம்மா தெரிகிறது, விடாவிட்டாலும் ஒரே மாதிரிதான்" என்றார். அவர் சொல்வதில் வியாபாரியின் நியாயம் இருக்கிறது. புரைக்கு ஒரு நாள் வேலை, மறுநாள் விடிந்ததும் பலன் தெரியும், பக்கத்து வீட்டு மதினி விளம்பரம் செய்வார். கண் அழுத்தத்துக்கும் சர்க்கரை நோயாளியின் விழித்திரைக்கும் பலன் என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். அதற்கு யார் விளம்பரம் செய்வது? ஐம்பது வயதைக் கடந்த இந்தியர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு புரையால் என்பதால் இதுவரை அதிலேயே கவனம் இருந்தது, சரிதான். மிச்சப் பங்குக்கு முகாமும் பஸ்ஸும் உதவா. மாதாமாதம் மருந்து வாங்கும் தூரத்தில் ஒரு கடையும், வராவிட்டால் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆள் இங்கே இருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்ததும் சிஸ்டர் ஒரு நோட்டைத் திறந்து போன் செய்ய ஆரம்பித்தார். குறித்த தேதிக்கு வராதவர்களின் பட்டியல். முதல் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது எண்ணில் பேசிய மகன் திருப்பூரில் இருக்கிறார், அம்மாவிடம் சொல்கிறேன் என்றார். மூன்றாவது அம்மாள் சந்தை நாளன்று வருவதாகச் சொன்னார். சிஸ்டர் பெயருக்கு நேராகச் சந்தை என்று எழுதிக்கொண்டார். என் முப்பது வருடச் சேவையில் இவ்வளவு சுத்தமான நிலுவைப் பதிவேட்டைப் பார்த்ததில்லை.

தேனி பஸ்ஸில் இருந்தபோது நண்பர் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கப்போகிறார்களாம், என் பங்குக்கு ஐந்து வீடு ஒதுக்கியிருக்கிறார். அதில் இரண்டு ஊருக்கு பஸ் கிடையாது, ஸ்கூட்டரைக் கொண்டுவா என்கிறார். பெட்ரோல் செலவை யார் கொடுப்பது என்று கேட்டேன். நீதான் என்றார்.